மிதிவண்டியும் ஆளொழிந்த பள்ளத்தாக்குகளும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும் இளமையிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். நம் நாட்டில் குறிஞ்சியில் பிறக்கும் ஆறு முல்லையைக் கடந்து, மருதத்தை வளப்படுத்தி, அதன் பின்னரே நெய்தலைச் சென்று சேர்கிறது. மலைக்குறவனுக்கும் பரதவனுக்கும் இடையே உழவனின் வயல் பரந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் இந்த ஒழுங்கைக் காண இயலாது. அங்கே மலை நேரே கடலில் இறங்குகிறது. கடலோ நீண்ட விரல்களைப் போல மலைகளுக்கு இடையே புகுந்து பல மைல் உள்ளே வந்து நிற்கிறது. அந்தக் கடற்கழிகளையும் ஏரிகளையும் 'லாக்' என்றும், மலைகளுக்கிடையே ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கைக் 'கிளென்' என்றும், அகன்ற பள்ளத்தாக்கை 'ஸ்ட்ராத்' என்றும் அந்நாட்டுக் கேலிக் மொழி மரபில் வழங்குவர். மருதம் என்று சொல்லத்தக்க நிலம் அங்கே கையகலம்தான். அந்தக் கையகல நிலத்தைப் பற்றிய வழக்கே அம்மக்களின் வரலாற்றில் பெரும்பகுதி என்று சொல்லிவிடலாம்.

இந்த நிலத்தில் மிதிவண்டியேறி நெடுந்தொலைவு செல்வதையே ஒரு கலையாகப் பயின்று வருவோர் நூறாண்டுக்கு மேலாக உண்டு. பந்தயத்திற்காக அன்று; பொருளீட்டவும் அன்று. பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டு, மழைக்கோட்டு ஒன்றும் நிலப்படம் ஒன்றும் கைக்கொண்டு, நாளுக்கு நாற்பது ஐம்பது மைல் என்று கிழமைக் கணக்கில் சுற்றிவருவர். நம்மில் பலர் வாடகை மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். நமக்கு அது பள்ளிக்கும் பணிமனைக்கும் சென்றுவரும் ஊர்தி. பால்காரருக்கும் தபால்காரருக்கும் பிழைப்பு. அதில் ஏறி மலையைப் பார்க்கப் போவார் உண்டோ என்று நம் வீட்டுப் பெரியோர் வியந்தால் அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும் இப்பயணத்தின் வரலாற்றைச் சற்றே துருவினால் அது வெறும் பொழுதுபோக்கின் வரலாறாக நிற்கவில்லை. அந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது? அந்தப் பள்ளத்தாக்கு ஏன் ஆளின்றிக் கிடக்கிறது? சக்கரத்தைச் சுற்றிய ரப்பர் யார் கையால் வடிக்கப்பட்டது? மூன்றாம் கேள்வியின் விடை நம் இனத்தாரிடமே வந்து சேர்கிறது.

சாலையை முதலில் எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் சக்கரம் உருளத்தக்க சாலை ஏறத்தாழ இல்லை என்றே கூறலாம். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் தடங்களே இருந்தன. 1715இல் ஸ்டூவர்ட் மரபினரை அரியணையேற்ற நடந்த கிளர்ச்சிக்குப் பின், அம்மலை மக்களை அடக்கிவைக்க எண்ணிய லண்டன் அரசு 1724இல் ஜார்ஜ் வேட் என்னும் தளபதியை அங்கே அனுப்பியது. அவர் அடுத்த ஆண்டு முதல் படைவீரர்களைக் கொண்டே சாலை போடத் தொடங்கி, ஏறத்தாழ 250 மைல் சாலையும் முப்பதுக்கு மேற்பட்ட பாலங்களும் கட்டினார். அபர்ஃபெல்டி ஊரில் டே ஆற்றின் மீது 1733இல் எழுந்த பாலம் இன்றும் பயன்படுகிறது. 1731இல் கொரியாரிக் என்னும் கணவாயின் மீது, ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில், வளைந்து வளைந்து ஏறும் சாலை ஒன்றை அமைத்தார். அடக்குவதற்காகப் போட்ட அந்தச் சாலையின் வழியாகவே 1745இல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டின் கிளர்ச்சிப் படை தெற்கு நோக்கி இறங்கியது. சாலைக்கு எந்தக் கட்சியும் இல்லை போலும்!

வேடுக்குப் பின் வில்லியம் கால்ஃபீல்டு என்பவர் இன்னும் பல மடங்கு நீளமான படைச்சாலைகளைப் போட்டார். கிளென் குரோ பள்ளத்தாக்கில் கடும் ஏற்றம் முடியும் உச்சியில் அவருடைய வீரர்கள் 1750ஐ ஒட்டி ஒரு கல்லை நாட்டினர். இளைப்பாறி நன்றியுடன் இரு என்னும் பொருள்படும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அவையே அக்கணவாய்க்குப் பெயராகிவிட்டன. சுமைதாங்கிக் கல்லைக் கண்டு வளர்ந்த நமக்கு அக்கல்லின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆங்குள்ள புதிய நெடுஞ்சாலையில் அண்மை ஆண்டுகளில் மலைச்சரிவு நேர்ந்தபோதெல்லாம் ஊர்திகளைக் கீழே கிடக்கும் பழைய படைச்சாலைத் தடத்தில் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக வந்தவர் தாமஸ் டெல்ஃபோர்டு. கல்தச்சராகத் தொழில் தொடங்கிப் பெரும் பொறியாளராக உயர்ந்தவர். மேட்டுநில மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போவதைத் தடுக்க வழி யாது என்று அரசு ஆராயச் சொன்னபோது, சாலையும் பாலமும் கட்டினால் வேலையும் வாணிகமும் பெருகும், மக்கள் ஊரிலேயே தங்குவர் என்று அவர் கருதினார். 1803இல் இதற்கென ஓர் ஆணையம் நிறுவப்பட்டது. செலவில் பாதியை அரசும் மறுபாதியை நிலக்கிழார்களும் ஏற்றனர். இருபதாண்டுக்குள் 900 மைலுக்கு மேற்பட்ட சாலைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களும் எழுந்தன. மக்களைத் தங்கவைக்கப் போட்ட சாலைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி ஊர்தி. டம்ஃப்ரீஸ் வட்டாரத்தைச் சேர்ந்த கர்க்பாட்ரிக் மக்மில்லன் என்னும் கொல்லர் 1839ஐ ஒட்டி மிதித்துச் செல்லும் வண்டி ஒன்றைச் செய்தார் என்று ஸ்காட்லாந்தியர் பெருமையுடன் கூறுவர். ஆய்வாளர் சிலர் சான்று போதாது என்பர். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாண் அளவுமாக இருந்த வண்டிகளின் காலத்திலேயே, 1878இல், மிதிவண்டிப் பயணச் சங்கம் ஒன்று இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் தோன்றியது. 1880இலேயே பெண்களையும் உறுப்பினராக ஏற்ற சங்கம் அது. இறங்கினால் எழ முடியாத சரிவுகளின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டதும், வழிப்போக்கருக்கு நியாயமான விலையில் உணவும் படுக்கையும் தர விடுதிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டதும் அச்சங்கத்தின் தொடக்ககாலப் பணிகள். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காதிருக்க வேண்டுமென்று காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றி, 1888இல் அதற்கு உரிமம் பெற்றார். ஸ்டோன்ஹேவன் ஊரைச் சேர்ந்த ராபர்ட் தாம்சன் என்பார் 1845இலேயே அதே கருத்துக்கு உரிமம் பெற்றிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் தாம்சன் காலத்தில் அதைச் சுற்றுவதற்கு மிதிவண்டி இல்லை.

காற்றடைத்த டயர் வந்தபின் படைச்சாலைகளின் கரடுமுரடு பொறுக்கத்தக்கதாயிற்று. 1899இல் அப்பயணச் சங்கத்தின் உறுப்பினர் தொகை 60,000ஐக் கடந்திருந்தது. எடின்பரோவின் பார்தலோமியூ நிறுவனம் உயரத்துக்கேற்ப வண்ணம் தீட்டி வெளியிட்ட நிலப்படங்களைச் சங்கத்தார் கையோடு கொண்டுசென்றதோடு, சாலை மாறியிருந்தால் அதைக் குறித்தனுப்பித் திருத்தவும் உதவினர். தாழ்ந்த நிலம் பச்சை, உயர்ந்த நிலம் பழுப்பு. பிற பயணியர் பச்சையைத் தேடினர். இவர்களோ பழுப்பைத் தேடிச் சென்றனர். 1886இல் ஜி. பி. மில்ஸ் என்னும் இளைஞர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஜான் ஓ குரோட்ஸ் வரை பெருஞ்சக்கர வண்டியில் 5 நாள் 1 மணி 45 நிமிடத்தில் ஓடிமுடித்தார். அது விரைவின் வரலாறு; நாம் பேசுவது மெதுவாகச் செல்வதன் வரலாறு.

தொடக்கத்தில் இப்பயணம் ஓய்வும் பணமும் உடைய நடுத்தர வகுப்பாருக்கே வாய்த்தது. 1930களில் நிலை மாறியது. 1931 டிசம்பரில் கிளைடுபேங்க் துறைமுகத்தில், 534 என்னும் எண்ணிட்ட பெருங்கப்பலின் வேலை பணமுடையால் நின்றுபோயிற்று. 'குவீன் மேரி' என்று பின்னர்ப் புகழ்பெற்ற கப்பல் அது. 1934இல் வேலை மீண்டும் தொடங்கும் வரை ஆயிரக்கணக்கான தொழிலாளர் கைகட்டி நின்றனர். கிளாஸ்கோ வட்டாரத்து இளைஞர் பலர் அந்நாளில் நகரத்தின் புகையை விட்டு லோமண்டு ஏரிக்கும் கிளென்கோ மலைகளுக்கும் நடந்தும் பழைய மிதிவண்டிகளில் ஏறியும் சென்றனர். கிரெய்கல்லியன் என்னும் ஏரிக்கரையில் அவர்கள் மூட்டிய நெருப்பைச் சுற்றி நடந்த பேச்சும் பாட்டும் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. 1931இலேயே ஸ்காட்லாந்து இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றி, நடந்தோ மிதித்தோ வருவோருக்கு இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் படுக்கை தந்தது. வேலை இழந்தவன் மலையைக் கண்டான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வயிறு நிரம்பிற்று என்று நாம் சொல்லவில்லை.

அந்தக் கடற்கரையில் மிதிவண்டி ஓட்டுவது எத்தகையது என்பதையும் சிறிது காண்போம். கடலோரச் சாலை என்றால் நம் கண்முன் தோன்றுவது மெரினாவைப் போன்ற சமநிலம். இங்கோ, சாலை ஒரு கழியின் தலைப்பில் கடல்மட்டம் வரை இறங்கி, பாலத்தைக் கடந்து, உடனே முந்நூறு நானூறு அடி ஏறி, மறுபுறம் அடுத்த கழிக்கு இறங்கும். மாலையில் ஏறிய ஏற்றங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பென் நெவிசின் 4,413 அடியைத் தாண்டிவிடுவதும் உண்டு. காலையும் கடற்கரைதான், மாலையும் கடற்கரைதான்! பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரமும் முன்னே சிறிய பற்சக்கரமுமாகப் பூட்டி, நடைவேகத்தில் மிதித்துக்கொண்டே ஏறுவதே இதற்கு உபாயம். பெருமைக்காகக் கடின கியரில் ஏறுபவன் மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவான். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் அறிந்தவர்கள் தெற்கே தொடங்கி வடக்கே முடிப்பர். பல இடங்களில் சாலை ஒற்றை வண்டிக்கே போதும். எதிரே வருவோர் ஒதுங்குவதற்கென ஆங்காங்கே விரிந்த இடங்கள் விட்டிருப்பர். ஒதுங்கியவருக்குக் கையுயர்த்தி நன்றி தெரிவிப்பது அங்கே எழுதாத சட்டம். கோடையில் 'மிட்ஜ்' எனப்படும் பொடிக்கொசுக்கள் மாலைக் காற்று அடங்கியதும் மொய்த்துவிடும். ஓடும் வண்டியை அவை தொடர முடியாது, நின்றவன் தொலைந்தான்.

ஆப்பிள்கிராஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் செல்லும் பியலாக் நா பா என்னும் கணவாய் இவ்வகைப் பயணியரின் யாத்திரைத் தலம் எனலாம். 1822இல் அமைந்த சாலை. கடல்மட்டத்தில் தொடங்கி ஆறு மைல் தொலைவுக்குள் 2,053 அடி ஏறுகிறது. ஐந்தடி சென்றால் ஓரடி உயரும் சரிவுகளும் உச்சிக்கு அருகே கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. மாட்டுக் கணவாய் என்பது பெயரின் பொருள். இன்று விளையாட்டாக ஏறுகிறோம். 1970களின் நடுவில் கடலோரமாக வேறு சாலை திறக்கப்படும் வரை ஆப்பிள்கிராஸ் மக்களுக்குத் தரைவழி என்று இருந்தது இது ஒன்றே. பனி மூடினால் வெளியுலகத்துக்குப் படகுதான்.

கடற்கரையை விட்டுப் பள்ளத்தாக்குகளுக்குள் திரும்பும்போதுதான் பயணி மௌனமாகிறான். வடகோடியிலுள்ள ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நேவர் ஏரியை ஒட்டியும் ஆற்றை ஒட்டியும் ஒரு சிறு சாலை கடலை நோக்கிச் செல்கிறது. ஏற்றம் குறைவு; ஊர்தி அருகியே வரும்; பசும்புல்லும் தெளிந்த நீரும் கண்ணுக்கு விருந்து. மிதிவண்டிக்காரன் வேண்டுவதெல்லாம் அங்கே உண்டு. ஒன்றுமட்டும் குறை: மனிதர். இவ்வளவு நல்ல நிலம் ஏன் வெறிதே கிடக்கிறது என்று கேட்டால், விடை 1814இலும் 1819இலும் இருக்கிறது. சதர்லண்டு சீமாட்டியும் அவருடைய கணவரும் அந்த நிலத்தைப் பெரும் ஆட்டுப்பண்ணைகளாக மாற்றினால் வருவாய் பெருகுமெனக் கருதினர். பரம்பரையாய்க் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். மீண்டும் வந்து குடியேறாதிருக்கக் கூரை மரங்கள் கொளுத்தப்பட்டன. அதை நின்று நடத்திய பேட்ரிக் செல்லர் என்னும் அதிகாரி, தாமே அங்கு ஆட்டுப்பண்ணைக் குத்தகையும் எடுத்திருந்தவர். தீ வைத்ததாகவும் உயிரிழப்புக்குக் காரணமானதாகவும் 1816இல் இன்வர்னெஸ் நகரில் வழக்கு விசாரணை நடந்து, அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

வெளியேற்றப்பட்டோருக்குக் கடற்கரையில் துண்டு நிலங்கள் தரப்பட்டன. மாடு மேய்த்துச் சிறு கதிர் விளைத்து வாழ்ந்த உள்நாட்டு மக்களை நோக்கி, இனி மீன் பிடித்துப் பிழையுங்கள் என்றனர். முல்லையும் குறிஞ்சியும் கலந்த வாழ்வுடையோரை ஒரே நாளில் நெய்தலுக்கு மாற்றிய ஆணை அது. அலை ஓயாத அந்த வடகடலில் படகு செலுத்தி அறியாதவர்கள் அவர்கள். அப்படி எழுந்த ஊர்களுள் ஒன்றுக்கு எலிசபெத் சீமாட்டியின் செல்லப் பெயரால் பெட்டிஹில் என்றே பெயர். அங்கே ஒரு பழைய கோயில் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருந்து, இவ்வெளியேற்றத்தின் கதையைச் சொல்கிறது. ஆற்றோரச் சாலையில் வரும் மிதிவண்டிக்காரன் ரோசல் என்னும் பாழூரின் கல்லடித்தளங்களைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தால், அம்மக்கள் துரத்தப்பட்ட தொலைவைத் தன் கால்களாலேயே அளந்தவனாகிறான். மோட்டாரில் செல்பவன் அந்தப் புல்மேடுகளைக் கவனியாமலே கடந்துவிடக்கூடும்.

கிரோய்க் கோயில் இன்னொன்று. ஆர்ட்கே என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ பத்து மைல் தள்ளி, குறுகிய சாலை ஒன்றின் முடிவில், மரங்களுக்கிடையே தனித்து நிற்கிறது. டெல்ஃபோர்டு காலத்து எளிய கட்டடம். 1845இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், குழந்தை குட்டிகளுடன், அக்கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் துணியும் கம்பளியும் கொண்டு கூடாரம் கட்டித் தங்கின. கோயிலுக்கு உள்ளே அவர்கள் தங்கவில்லை. வெளிப்புறமிருந்து சன்னலின் சிறு கண்ணாடிகளில் கீறி, தாம் இன்னார், இந்நாளில் இங்கே இருந்தோம் என்று எழுதிவைத்தனர். கேலிக் பேசியவர்கள் ஆங்கிலத்தில் எழுதினர். படிப்பவர் யாராக இருப்பர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கீறலில் தங்களையே தீய தலைமுறை என்று சொல்லிக்கொள்கிறார்கள். செய்தவனை விட்டுவிட்டுத் தம் பாவமே காரணம் என்று நொந்துகொள்ளும் ஏழை உள்ளம் நமக்குப் புதிதன்று. அக்கீறல்கள் இன்றும் அங்கே உள்ளன. குடியானவரைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாதென்னும் சட்டம் 1886இல்தான் வந்தது. டன்லப் டயருக்கு இரண்டாண்டு முன்னர். வெளியேற்றப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்த பின்னர்.

மக்களைத் தங்கவைக்கப் போட்ட சாலைகளில் ஆடுகளும் கம்பளி மூட்டைகளும் சென்றன. நூறாண்டு கழித்து மிதிவண்டிகள் வந்தன. அமைதியான சாலை என்று நாம் போற்றுவது பெரிதும் காலி செய்யப்பட்ட நாட்டின் சாலையையே.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். டன்லப் டயர் பரவிய முதல் இருபதாண்டுகளில் ரப்பர் பெரும்பாலும் பிரேசில் காடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்தும் வந்தது. காங்கோவில் அதற்காக நடந்த கொடுமைகளை 1904இல் ரோஜர் கேஸ்மென்ட் அறிக்கையாக வெளியிட்டு உலகின் மனச்சாட்சியைத் தட்டினார். அதற்கு முன்பே, 1876இல், ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் நாற்றுகளாக வந்திருந்தன. 1914ஐ ஒட்டிக் காட்டு ரப்பரைத் தோட்ட ரப்பர் முந்திவிட்டது. மலாயாவின் தோட்டங்களில் வைகறை இருளில் எழுந்து, கித்தா மரத்தின் பட்டையை அளவாகக் கீறிப் பால் இறக்கியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகளின் பேச்சை நம்பிக் கப்பலேறிய தமிழர். டன்லப் பெயர் தாங்கிய நிறுவனமும் அங்கே சொந்தத் தோட்டங்களை வாங்கியது. தோட்டத்துரைகளில் ஸ்காட்லாந்தியர் கணிசமானோர். மலைநாட்டு மகன் ஒருவன் தன் ஊரில் நிலமின்றிக் கடல் கடந்து துரையாக வந்து நிற்க, நம் ஊரில் நிலமின்றிப் போனவன் அவனுக்குக் கூலியாகக் கைகட்டி நின்ற காட்சியை எண்ணிப் பார்க்கிறோம். இருவருக்கும் ஒரே நோய்; நிறமும் மொழியும் அவர்களை வேறு வேறு படிகளில் நிறுத்தின.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்ல, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் இன்றும் பெருமூச்சுடன் குறிப்பிடும் காலம் அது. தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீட்டையும், மாரியம்மன் கோயிலையும், தமிழ்ப்பள்ளியையும் விட்டுப் பலர் வெளியேற நேர்ந்தது. தொழிலாளரிடம் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிவிடுவதென்று வீ. தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். ஸ்ட்ராத்நேவரின் புல்மேடுகளைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு அந்த லயங்களின் நினைவு வருவது இயல்புதானே.

இக்கட்டுரையை ராசே தீவில் முடிக்கிறோம். ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் சிறு தீவு அது. 1850களில் அதன் உரிமையாளர் தென்பகுதியின் நல்ல நிலங்களிலிருந்த குடிகளை அகற்றினார். பலர் கப்பலேறினர், எஞ்சியோர் பாறை மிகுந்த வடகோடிக்குத் தள்ளப்பட்டனர். அப்படி ஒழிந்த ஹாலெய்க் என்னும் ஊரைப் பற்றிக் கேலிக் மொழியின் பெருங்கவிஞரும் அத்தீவில் பிறந்தவருமான சோர்லி மக்லீன் பாடிய கவிதைக்கு அவ்வூரின் பெயரே பெயர்.

வடகோடியிலுள்ள ஆர்னிஷ் சிற்றூரில் கேலம் மக்லவுடு என்பவர் வாழ்ந்தார். சிறு நிலம் உழுதவர். கலங்கரை விளக்கில் உதவியாளராகவும் தபால்காரராகவும் இருந்தவர். புரோக்கல் கோட்டையோடு தார்ச்சாலை நின்றுவிட்டது. எஞ்சிய தூரம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மைல். சாலை வேண்டுமென்று ஊரார் பல்லாண்டு விண்ணப்பித்தும் பயனில்லை. சாலை இல்லாததால் ஒவ்வொரு குடும்பமாக ஊரை விட்டது. குடும்பங்கள் குறைந்ததால் சாலை தேவையில்லை என்றாயிற்று. இந்தச் சுழல் நமக்குத் தெரிந்ததே. 1964ஐ ஒட்டிக் கேலம் தாமே தொடங்கினார். சாலை அமைப்பைப் பற்றிய பழைய நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். தொடக்கத்தில் பாறையை வெடிவைத்துத் தகர்க்க அரசுத் துறை ஒன்றின் உதவி கிடைத்தது. மற்றதெல்லாம் ஒரு கடப்பாறை, ஒரு மண்வெட்டி, ஒரு தள்ளுவண்டி, பத்தாண்டுக் காலம். பள்ளத்தில் கல்லடுக்கிச் சுவரெழுப்பி, சதுப்பில் சரளை நிரப்பி, நீர் வடிய மதகு வைத்து, 1974ஐ ஒட்டி முடித்தார். அதற்குள் ஆர்னிஷில் நிலையாக வாழ்ந்தோர் என்று சொல்ல அவரும் அவருடைய மனைவியுமே எஞ்சியிருந்தனர்.

1982இல் உள்ளாட்சி மன்றம் அச்சாலையை ஏற்றுத் தார் போட்டது. கேலம் 1988இல் காலமானார். இன்று அதற்குக் கேலத்தின் சாலை என்றே பெயர். ஸ்கை தீவிலிருந்து படகேறி வரும் மிதிவண்டிக்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள். புரோக்கலில் தொடங்கும்போதே செங்குத்தாக இறங்கி உடனே செங்குத்தாக ஏறும் சாலை. பொறியாளர் எவரும் இத்தனை வளைவுகளை வைத்திருக்கமாட்டார். தனியொருவரால் நகர்த்த முடியாத பாறை வந்த இடங்களில் அதைச் சுற்றிச் செல்கிறது. எவ்வளவு சிறிய பற்சக்கரம் பூட்டியிருந்தாலும் பலர் அந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். ஆர்னிஷில் சாலை முடிகிறது. அதற்கப்பால் ஒற்றையடிப் பாதைதான். மிதிவண்டியைக் கற்சுவரில் சாய்த்துவிட்டு நடக்க வேண்டும்.